விருந்தாளியின் கடமை



விருந்தோம்பலைப் பற்றித் தமிழருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். வீட்டுக்கு வந்தவரை எவ்வாறு வரவேற்பது, எவ்வாறு உபசரிப்பது, முகம் கோணாமல் எவ்வாறு வழியனுப்புவது என்பனவற்றை நம் பாட்டிமார் நமக்குப் பாடமாகவே புகட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி. விருந்து அளிப்பவனுக்குக் கடமை உண்டென்றால், விருந்து உண்பவனுக்கும் ஒரு கடமை இருக்கத்தானே வேண்டும்? அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

பிறநாடு செல்கின்ற பிரயாணி அந்த நாட்டின் விருந்தாளி. காசு கொடுத்துக் கடையிலே உண்டாலும் அவன் விருந்தாளியே. அந்த மண்ணில் விளைந்ததை, அந்த மக்கள் சமைத்ததை, அவர்களுடைய பந்தியில் அமர்ந்து உண்கிறான். அவன் எப்படி உண்ணவேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். பாடசாலை அதிபர் ஒருவர் பேச வந்தால் அறிவுரை கூறத் தொடங்கிவிடுவார் என்ற அச்சம் உங்களுக்கு எழலாம். ஆகவே முதலில் என் குற்றத்தையே ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

2014ஆம் ஆண்டு ஒரு கல்விப் பயிற்சிக்காகச் சிங்கப்பூர் சென்றேன். ஏழு நாள். என் மனைவி பிரயாணப் பெட்டியில் உடுப்புக்கு விட்ட இடத்திலும் பார்க்க உணவுக்கு விட்ட இடமே அதிகம். வறுத்த அரிசி மா, யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூள், பருத்தித்துறை வடை, போத்தலில் அடைத்த சம்பல் என்று எல்லாம் இருந்தன. இவை போதாவென்று மாலைதோறும் சிராங்கூன் வீதிக்கு நடந்து சென்று சைவ உணவுச்சாலை ஒன்றைத் தேடிப் பிடித்துத் தோசை உண்டேன். வெள்ளவத்தையில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடைக்கின்ற அதே தோசை! அதுவும் போதாதென்று, 'இங்கே சம்பல் தரமாட்டார்களா?' என்று பரிமாறுகிறவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

அந்த வீதிக்கு அருகிலேதான் தேக்கா நிலையம் என்னும் பெரிய அங்காடி இருக்கிறது. சிங்கப்பூரில் தெருவோரத்திலே சமைத்து விற்றவர்களையெல்லாம் ஒழுங்கான கூரைகளின் கீழ்க் குடியேற்றுவதற்காக அந்நாட்டு அரசாங்கம் அமைத்த உணவங்காடிகள் உலகப் புகழ் பெற்றவை. 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அவற்றின் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே மேசையில் வெவ்வேறு உணவை வைத்துக்கொண்டு உண்ணும் இடம் அது. அங்கே தேங்காய்ப் பாலில் வேகவைத்த 'நாசி லெமாக்' என்னும் சோறு கிடைக்கும். அதற்குத் துணையாக அவர்கள் வைப்பது என்ன தெரியுமா? சம்பல்! பெயரே அதுதான். மலாய் மொழியிலும் அச்சொல் சம்பல்தான். நான் சம்பலைத் தேடிச் சென்றது சம்பல் என்னும் சொல் வழங்கும் நாட்டிலே. அது இருந்த இடமோ சில அடி தூரத்திலே. மூக்கைப் பொத்தாத குறையாக அந்த அங்காடியைக் கடந்து போனேனே தவிர, உள்ளே காலடி வைக்கவில்லை.

ஊர் திரும்பிக் காலைக் கூட்டத்தில் மாணவர்களுக்குச் சிங்கப்பூரைப் பற்றிப் பேசினேன். தெருக்களின் சுத்தம், நிலத்தடிப் புகையிரதம், நூல்நிலையங்கள் என்று அடுக்கினேன். தரம் எட்டிலே படிக்கும் ஒரு சிறுமி எழுந்து, "சேர், அங்கே இருக்கிற ஆட்கள் என்ன சாப்பிடுவார்கள்?" என்று கேட்டாள். "எல்லாம் சாப்பிடுவார்கள், பிள்ளை" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளூர வெட்கமாக இருந்தது. ஏழு நாள் ஒரு நாட்டில் இருந்துவிட்டு, அந்த நாட்டார் உண்பது என்ன என்று தெரியாமல் வந்த ஒருவன் அந்த நாட்டுக்குப் போனானா இல்லையா?

நிற்க. இந்த வெட்கம் எனக்கு முழுமையாக விளங்கியது வேறொரு சந்தர்ப்பத்திலே. அப்போது நான் பிரயாணி அல்லன். பிரயாணி ஒருவரை வரவேற்ற வீட்டுக்காரன்.

2023ஆம் ஆண்டு தை மாதத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு நண்பர் கொழும்புக்கு வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முட்டையைக்கூடத் தொடாத சுத்த சைவர். இராமேசுவரத்துக்கு அப்பால் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் அவருடைய பாட்டனார் இங்கே வந்து, செட்டியார் தெருவில் ஒரு கடையிலே கணக்கெழுதியவராம். அந்தக் கப்பற் பாதையை 1964ஆம் ஆண்டு மார்கழி மாதத்துப் புயல் முடித்து வைத்தது. பாட்டனார் வாயிலிருந்து கேட்ட கொழும்பைக் கண்ணாற் காணவேண்டும் என்பது நண்பரின் நெடுநாள் ஆசை.

வந்த அன்று இரவு அவரை மகிழ்விக்க எண்ணி, இட்லிக்கும் சாம்பாருக்கும் பேர்பெற்ற ஓர் உணவுச்சாலைக்கு அழைத்துச் சென்றேன். நண்பர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. இட்லி சாப்பிடுவதற்காக நான் கடவுச்சீட்டு எடுக்கவில்லை. உங்கள் வீட்டில் நாளை காலை என்ன செய்வீர்களோ, அதைக் கொடுங்கள்" என்றார்.

மறுநாட் காலை என் மனைவி பிட்டு அவித்தாள். பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியைக் கண்டதும் நண்பர் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் மூங்கிற் குழாயிலும் உலோகக் குழலிலும் அவித்த பிட்டைத்தான் கண்டிருக்கிறார். கூம்பு வடிவான ஓலைப் பெட்டி ஒன்று பானையின் வாயிலே அமர்ந்து ஆவி பிடிப்பது அவருக்குப் புதுமை. பிட்டுடன் சொதி வைத்தோம். 'சொதி' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "எங்கள் ஊரிலும் சொதி உண்டு!" என்றார்.

உண்மைதான். திருநெல்வேலியிலே கலியாணத்துக்கு மறுநாள் நடக்கும் மறுவீட்டு விருந்தில் சொதி முக்கியமானது. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு முதலியன இட்டுக் கெட்டியான தேங்காய்ப் பாலிலே செய்து, இஞ்சித் துவையலுடன் சோற்றுக்கு ஊற்றுவார்கள். நம்முடைய சொதியோ நீர்த்தது. வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்தபின் பால் விட்டு, மஞ்சள் சேர்த்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய் பிழிந்துவிடுவது. அங்கே சொதி விருந்தின் தலைவன். இங்கே அது அன்றாடம் வீட்டிலே ஓடியாடி வேலை செய்கின்ற பிள்ளை. நண்பர் முதல் கவளத்தில், "இது சொதி அல்லவே" என்றார். மூன்றாம் கவளத்தில், "இதுவும் சொதிதான்" என்றார். நேயர்களே, பிரயாணத்தின் பயன் முழுவதும் அந்த 'உம்' என்ற இடைச்சொல்லிலே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அன்று வெள்ளிக்கிழமை. கொட்டாஞ்சேனைப் பக்கம் புறப்பட்டோம். கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்வித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைத் தரிசித்தோம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தோனியார் தேவாலயத்தையும் பார்த்தோம். 2019ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, குண்டு வெடித்து மக்கள் மாண்ட இடம் அது. அதன் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றி நின்றவர்களில் எல்லாச் சமயத்தாரையும் காணக் கூடியதாக இருந்தது. பின்னர் ஜம்பட்டா வீதிப் பக்கமாக நடந்து ஒரு சிறு சைவக் கடைக்குள் நுழைந்தோம்.

அமர்ந்தவுடன் ஒரு பையன் நாங்கள் கேளாமலே ஒரு தட்டு நிறைய வடையும் வாய்ப்பனும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நண்பர் திகைத்தார். "நாம் இவ்வளவும் சாப்பிட வேண்டுமா?" என்றார். "இல்லை, வேண்டியதை எடுங்கள். மிச்சத்தை எண்ணிப் பார்த்து, தின்றதற்கு மட்டும் காசு வாங்குவார்கள்" என்று விளக்கினேன். இந்த வழக்கம் நமக்குச் சாதாரணம். ஆனால் அவர் அதைக் கண்டு நெடுநேரம் வியந்தார். "யாரென்று தெரியாதவன் முன்னால் தட்டு நிறைய வைத்துவிட்டு, உன் கணக்கை நீயே சொல் என்கிறார்களே! இதுவல்லவோ நம்பிக்கை!" என்றார். முப்பது ஆண்டுகளாக அந்தத் தட்டைப் பார்த்திருக்கிறேன். அதில் இருந்த நம்பிக்கையை அன்றுதான் பார்த்தேன். ஊருக்குப் புதியவன் ஒருவன் உடன் வந்தால் நம் ஊரே நமக்குப் புதிதாகிவிடுகிறது.

மதியம் வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்குகின்ற எங்கள் ஒழுங்கையிலே நடந்துகொண்டிருந்தபோது நண்பர் நின்றார். ஒரு சிறிய சோற்றுக் கடை. பெயர்ப் பலகை சிங்களத்தில். வாசலில் மண் சட்டிகள் வரிசையாக இருந்தன. முச்சக்கர வண்டிச் சாரதிகளும் காரியாலயப் பெண்களும் கொத்தனார்களும் இடம் இல்லாமல் நின்றார்கள்.

"இங்கே என்ன கிடைக்கும், ஐயா?"

"சோறு கறி."

"எப்படி இருக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. ஏனெனில் எனக்குத் தெரியாது. அந்த ஒழுங்கையில் நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நாள்தோறும் அந்தக் கடையைக் கடந்துதான் பாடசாலைக்குப் போகிறேன். ஒருநாளும் உள்ளே சென்றதில்லை.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தின் கடைசி வாரத்திலே இதே காலி வீதியில் தமிழருடைய கடைகள் தீக்கிரையாயின. நான் அப்போது யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே சிறுவன். கொழும்பிலிருந்து கப்பலேறி, உடுத்த துணியோடு வந்து சேர்ந்தவர்களை எங்கள் வீட்டுத் திண்ணையிலே கண்டவன். பின்னாளில், போர் நடந்த காலத்திலே, நான் இளம் ஆசிரியனாகக் கொழும்புக்கு வந்தபோது என் தாயார் சொல்லியனுப்பிய புத்திமதி ஒன்றே: "இருட்டுமுன் அறைக்குப் போ. தெரியாத இடத்தில் நிற்காதே, தெரியாத இடத்தில் சாப்பிடாதே." சோதனைச் சாவடிகளும் அடையாள அட்டையும் இருந்த அந்தக் காலத்தில் அது நல்ல புத்திமதிதான். 2009ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே போர் முடிந்தது. சாவடிகள் போயின. ஆனால் பழக்கம் போகவில்லை. அச்சம் நீங்கிய பின்னும் அச்சத்தின் வழித்தடத்திலேயே கால்கள் நடந்துகொண்டிருந்தன. சிங்கப்பூரில் நான் அந்த அங்காடிக்குள் நுழையாததற்கும் இந்த ஒழுங்கைக் கடைக்குள் நுழையாததற்கும் வேர் ஒன்றுதானோ என்று அன்றுதான் எண்ணினேன்.

"போவோமே, ஐயா" என்று நண்பர் முன்னால் நடந்தார்.

கடையை நடத்துகிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. நண்பர் சைவர் என்பதால் நான் முதலில் கேட்டது மாசியைப் பற்றி. மாலைதீவிலிருந்து பழகிய மாசிக் கருவாடு சிங்களச் சமையலிலே உப்பைப் போலக் கலந்து நிற்கும். தேங்காய்ச் சம்பலிலும் இருக்கும், கீரையிலும் இருக்கும். அறியாத சைவர் கீரைதானே என்று நம்பி உண்டுவிடுவதுண்டு. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "இதற்குள் உம்பலகட போட்டிருக்கிறதா?" என்று கேட்டேன். உம்பலகட என்பது மாசிக்கு அவர்கள் வழங்கும் பெயர். அவர் அகப்பையினாலேயே ஒவ்வொரு சட்டியாகச் சுட்டிக் காட்டினார். பருப்பில் இல்லை. பலாப்பிஞ்சுக் கறியில் இல்லை. கத்தரிக்காயில் இல்லை. வல்லாரைச் சுண்டலில் உண்டு. சம்பலில் உண்டு. பின்னர், 'சற்றுப் பொறுங்கள்' என்று கையாற் சைகை காட்டிவிட்டு உள்ளே போனார். தேங்காய் துருவும் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் மாசி இல்லாத சம்பல் புதிதாக வந்தது.

சிவப்பரிசிச் சோறு. அதைச் சுற்றி நான்கு கறிகள். நடுவிலே அந்தச் சம்பல். நண்பர் பேசாமல் உண்டார். பலாப்பிஞ்சுக் கறியை மூன்று முறை கேட்டு வாங்கினார். கறுவாவும் வறுத்த சரக்குத் தூளும் சேர்த்து, நெடுநேரம் சிறு தீயிலே வைத்து, கறுத்த நிறம் வரும்வரை வேகவிட்ட கறி அது. எழுந்து கை கழுவியபின் அவர் அந்தப் பெண்மணியிடம் தமக்குத் தெரிந்த ஒரே மொழியிலே, "அக்கா, சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது" என்றார்.

அந்தப் பெண்மணி தலை நிமிர்ந்தார். வாக்கியம் முழுவதும் அவருக்கு விளங்கியிராது. ஆனால் முதற் சொல் விளங்கிவிட்டது. சிங்களத்திலும் அக்கா என்றால் அக்காதான்.

அவர் என்னைப் பார்த்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். "இதே ஒழுங்கையில்" என்றேன். "தெரியும். காலையில் குடையோடு போவீர்கள். பாடசாலை சேர். நான் இந்தக் கடையைத் தொடங்கிப் பத்தொன்பது வருடம். சேருக்கு எங்கள் சாப்பாடு பிடிக்காது என்று நினைத்திருந்தேன்" என்றார்.

அவருடைய குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. பத்தொன்பது ஆண்டுகள் அவர் என்னை அறிந்திருந்தார். நான் அவரை அறியவில்லை. 2022ஆம் ஆண்டு நாட்டில் எரிவாயு கிடைக்காமற் போனபோது, பின்வளவில் விறகு மூட்டிச் சமைத்துக் கடையைத் திறந்து வைத்திருந்தாராம். அதே நாட்களில் நான் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்று பாணும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்தேன். பத்து வீடு தள்ளிச் சோறு வெந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சம்பலுக்கு அவர் காசு வாங்கவில்லை.

அன்று முதல் நான் அந்தக் கடையின் வாடிக்கைக்காரன். அதனால் கற்றுக்கொண்டவை பல. அவற்றுள் பலாவைப் பற்றி மட்டும் கூறுகிறேன். சிங்களத்தில் பலாப்பிஞ்சு 'பொலொஸ்', முற்றிய காய் 'கொஸ்', பழம் 'வரக்க'. ஒரே மரத்தின் ஒரே கனிக்குப் பருவத்துக்கு ஒரு பெயர். 1660ஆம் ஆண்டு கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களிலே வாழ நேர்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1681இல் வெளியிட்ட தன் நூலிலே இந்த மூன்று பெயர்களையும் குறித்து வைத்திருக்கிறான். அவன் விரும்பி வந்த பிரயாணி அல்லன், கைதி. ஆயினும் கண்ணைத் திறந்துகொண்டு உண்டான். ஆகையால் முந்நூற்று நாற்பது ஆண்டுகளின் பின்னும் அவன் சொன்ன பெயரைக் கூறி வெள்ளவத்தைக் கடையில் கறி வாங்கலாம். பலா மரத்தைச் சிங்கள மக்கள் 'சோற்று மரம்' என்றே அழைப்பர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆதர் வீ. டயஸ் என்னும் பெரியார், பஞ்சம் வந்தாலும் மக்கள் பட்டினி கிடக்கலாகாது என்று நாடெங்கும் பலாக்கன்று நடும் இயக்கத்தை நடத்தினார். மக்கள் அவருக்குக் 'கொஸ் மாமா' என்று செல்லப் பெயர் இட்டனர். ஒரு கறியைச் சுவைக்கப் போனால் அதன் பின்னால் ஒரு சரித்திரமே வந்து நிற்கிறது.

'எல்லாம் சரி, எங்களைப் போன்ற சைவர்களும் நோன்பு அனுட்டிப்பவர்களும் பிற நாட்டிலே என்ன செய்வது?' என்று சில நேயர்கள் கேட்கலாம். விரதத்தை விடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்றபோது, புலால் உண்பதில்லை என்று தாயாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தைக் காத்தார். மரக்கறி உணவுச்சாலை ஒன்றைத் தேடி நாள்தோறும் மைல் கணக்கில் நடந்தார். இறுதியில் பரிங்டன் வீதியிலே ஒன்றைக் கண்டார். அங்கே வயிறு நிறைந்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. அந்த வாசலில் விற்ற ஒரு புத்தகத்தை வாங்கிப் படித்தார். மரக்கறி உண்ணும் ஆங்கிலேயரின் சங்கத்தில் உறுப்பினரானார். அந்த நாட்டாரின் நட்பைத் தேடிக்கொண்டார். அவருடைய விரதம் அவரை அறைக்குள்ளே பூட்டி வைக்கவில்லை. வெளியே அழைத்துச் சென்றது. விரதம் வேறு, வீம்பு வேறு. விரதமுடையவன் 'இதில் என்ன சேர்ந்திருக்கிறது?' என்று கேட்பான். வீம்புடையவன் எதையும் கேட்கமாட்டான்.

இனி, பிறநாடு செல்லவிருப்போர்க்குச் சில வார்த்தைகள். நாளுக்கு ஒரு வேளையாயினும் அந்த ஊரார் உண்பதை உண்ணுங்கள். மற்ற இரு வேளையும் உங்கள் மனம்போல் ஆகட்டும். எந்தக் கடை நல்லது என்று விளம்பரப் பலகையைப் பார்க்க வேண்டாம். நண்பகலில் அவ்வூர்த் தொழிலாளரும் உத்தியோகத்தரும் எங்கே நெருக்கியடித்து நிற்கிறார்களோ, அங்கே செல்லுங்கள். விற்று முடியும் வேகத்திலே சமைக்கும் இடத்தில் பழையது தங்காது. சூடாக இருப்பதை உண்ணுங்கள், கொதித்தாறிய நீரைப் பருகுங்கள். உங்களுக்கு ஆகாத பொருள் ஏதேனும் உண்டென்றால் பரிமாறுமுன் சொல்லுங்கள். பரிமாறிய பின் ஒதுக்குவது சமைத்தவர் மனத்தைப் புண்படுத்தும். அந்த மொழியிலே ஐந்து சொற்களாவது கற்றுக்கொண்டு போங்கள். அவற்றுள் ஒன்று 'நன்றி' என்பதாக இருக்கட்டும். கடைசியாக, 'எங்கள் ஊரில் இது இப்படி இராது' என்ற வாக்கியத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

நண்பர் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மாலை காலிமுகத்திடலுக்குச் சென்றோம். கடற்காற்றிலே பட்டங்கள் பறந்தன. வண்டிக் கடைகளில் இறால் வடை பொரிந்துகொண்டிருந்தது. பருப்பு வடையின் மேலே முழு இறாலைப் பதித்துப் பொரிப்பது. அதற்கு 'இஸ்ஸோ வடே' என்று பெயர். 'இஸ்ஸோ' சிங்களச் சொல். இறால் என்று பொருள். 'வடே' நம்முடைய வடை. கடலோரத்து மக்கள் இரு மொழிகளையும் ஒரே எண்ணெயிலே பொரித்து எடுத்துவிட்டார்கள்! நண்பர் சைவர் ஆகையால் இறால் இல்லாத வடையை வாங்கித் தந்தேன். அதைக் கடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "என் பாட்டனார் இந்த ஊரைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் கடைத்தெருவைப் பற்றியும் கோயிலைப் பற்றியுமே சொன்னார். இங்குள்ள மனிதரைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அவர் ஒரு வேளையும் வெளியே சாப்பிட்டிருக்கமாட்டார் போலிருக்கிறது."

நேயர்களே, நான் மீண்டும் சிங்கப்பூர் செல்வேனோ, தெரியாது. செல்வேனாயின் பெட்டியிலே சம்பற் போத்தல் இராது. ஆனால் அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை என்பதை அறிந்துகொண்டேன். உங்கள் தெருவிலும் நீங்கள் நுழையாத ஒரு கடை இருக்கும். அங்கே உங்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் இருப்பார். 'இவருக்கு எங்கள் சாப்பாடு பிடிக்காது' என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். நாளை மதியம் அங்கே போய் ஒரு பிடி சோறு கேளுங்கள். விருந்தாளியின் கடமை அவ்வளவுதான்.